ராசப்ப செட்டி தெருவில் வாங்கிய ஓமமும் மூன்று புட்டி ஓம வாட்டரும்

தீபாவளி மருந்து கிளறுவதற்கு வேண்டிய சரக்குகளை வாங்க ஆண்டுக்கு ஒரு முறை வில்லிவாக்கத்திலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் சென்று, அங்கிருந்து பார்க் டவுனிலுள்ள ராசப்ப செட்டி தெருவுக்கு நடந்து போவது என் வழக்கம். சுக்கு, அரிசித் திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம் என்று என் மாமியார் எழுதிக் கொடுத்த பழைய சீட்டில் உள்ள வரிசையிலேயே இன்றும் வாங்குகிறேன். இந்த முறை அந்தச் சீட்டோடு வேறொரு வேலையும் சேர்ந்துகொண்டது. தங்கை மகளுக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. மாலை ஆனால் குழந்தை விடாமல் அழுகிறது என்றும், நல்ல ஓம வாட்டராகப் பார்த்து வாங்கி வரும்படியும் அவள் கேட்டிருந்தாள். மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவள் என்ற முறையில், எந்தப் புட்டியையும் அவளிடம் கொடுப்பதற்கு முன் அதற்குள் என்ன இருக்கிறது என்று நானே பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அப்படிப் பார்த்ததன் விளைவுதான் இந்த மதிப்பீடு. எந்தத் தயாரிப்பாளரின் பெயரையும் எந்தக் கடையின் பெயரையும் இதில் நான் எழுதவில்லை. நான் திறந்து பார்த்தது ஒவ்வொன்றிலும் ஒரு புட்டியை மட்டுமே, அந்த ஒன்றின் குறையை அவர்களுடைய சரக்கு முழுவதன் மீதும் ஏற்றிச் சொல்வது நியாயமாகாது.

முதலில் விதையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் வழக்கமாகப் போகும் நாட்டு மருந்துக் கடையில் ஓமம் தகர டப்பாவில் மூடி வைக்கப்பட்டிருக்கும். வாசலில் சாக்கின் வாயைத் திறந்து வைத்து விற்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. இது சிறிய விஷயம் போலத் தோன்றினாலும், நறுமணச் சரக்கைப் பொறுத்தவரை ஒரு கடையின் தரத்தை இதைக் கொண்டே பாதி அளந்துவிடலாம். பெரியவர் எடை போடுவதற்கு முன், "எதுக்குங்கம்மா, லேகியத்துக்கா, குழந்தைக்கா?" என்று கேட்டார். லேகியத்துக்கு என்றதும் ஒரு சிட்டிகை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து நன்றாகக் கசக்கி முகர்ந்து பார்க்கச் சொன்னார். முகர்ந்ததும் மூக்கின் உட்புறம் சுருக்கென்றது. காம்பும் தூசியும் மிகக் குறைவு. சாம்பல் கலந்த பழுப்பு நிறம். வரிகள் தெளிவாக இருந்தன. கர்னூல் சரக்கு என்றார். குஜராத்திலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும் வருவதும் அவரிடம் இருந்தது. 100 கிராமுக்கு 45 ரூபாய் வாங்கினார். இதைவிடக் குறைந்த விலைக்கு அதே தெருவில் கிடைக்கிறது, ஆனால் கையில் கசக்கிப் பார்த்தபோது அதில் பாதி மணம்கூட இல்லை. எண்ணெய் வடித்து எடுத்த பிறகு உலர்த்திய விதையும் சந்தையில் புழங்குவதுண்டு என்பதால், கசக்கிப் பார்க்காமல் ஓமம் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அந்தக் கடையை நான் மேலும் மதிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு முன்னால் நின்ற ஓர் இளைஞர் கைப்பேசியில் ஏதோ குறிப்பைப் பார்த்துக்கொண்டு குரோசாணி ஓமம் கேட்டார். பெரியவர் அதை எடுக்கவில்லை. எந்த வைத்தியர் எழுதிக் கொடுத்தார், சீட்டு இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்று தெரிந்ததும் கொடுக்க மறுத்துவிட்டார். பெயரில் ஓமம் என்று இருந்தாலும் குரோசாணி ஓமம் முற்றிலும் வேறு செடி; ஊமத்தையின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் உள்ள ஹயோசயமின், ஸ்கோபொலமின் ஆகியவை மயக்கத்தையும் மனக்குழப்பத்தையும் உண்டாக்கும் நச்சுப் பொருட்கள். பெயர் ஒற்றுமையால் நேரக்கூடிய விபத்தை ஒரு கேள்வியால் தடுத்த அந்தப் பொறுப்புணர்வுக்காகவே அடுத்த ஆண்டும் அங்கேயே போவேன்.

நாம் விதை என்று சொல்வது தாவரவியலின்படி ஓமச் செடியின் சிறு கனி. டிராக்கிஸ்பெர்மம் அம்மி என்பது அச்செடியின் அறிவியல் பெயர். சீரகம், சோம்பு, கொத்தமல்லி, சதகுப்பை ஆகியவற்றின் குடும்பம். இக்குடும்பத்துக் கனிகளின் தோலுக்குள் எண்ணெய் நிறைந்த நுண்குழாய்கள் ஓடுகின்றன, முழுதாக இருக்கும் வரை மணம் அவற்றுக்குள் அடைபட்டுக் கிடக்கும், கசக்கினால் வெளிவரும். ஒவ்வொன்றிலும் தலைமைச் சேர்மம் வேறு: சோம்புக்கு அனெத்தோல், கொத்தமல்லி விதைக்கு லினலூல், சீரகத்துக்குக் குமினால்டிஹைடு, ஓமத்துக்குத் தைமால். ஓமத்தின் எடையில் ஏறத்தாழ 2 முதல் 4 விழுக்காடு எண்ணெய். நல்ல சரக்கில் அந்த எண்ணெயில் சுமார் பாதி தைமால். மீதியில் பெரும்பகுதி காமா டெர்பினீனும் பாரா சைமீனும். தைமாலின் மூலக்கூறில் 10 கார்பன், 14 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. அதே அணுக்களில், ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் இணைந்த ஹைட்ராக்சில் தொகுதி மட்டும் கார்பன் வளையத்தின் வேறோர் இடத்தில் அமைந்தால் அது கார்வக்ரால். நம் வீட்டுப் பால்கனித் தொட்டிகளில் வளரும் கற்பூரவல்லியில் இந்த இரண்டும் காணப்படுகின்றன. அந்தச் செடிக்கு ஓமவல்லி என்று பெயர் வைத்தவர்கள் வேதியியல் படிக்காமலேயே மூக்கால் இந்த உறவைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். இப்படி ஒரே அணுக்கள் வேறு அமைப்பில் சேர்ந்தவற்றை மாற்றியங்கள் என்போம்; வகுப்பில் அந்தப் பாடம் நடத்தும்போது இரண்டு கற்பூரவல்லி இலைகளையும் ஒரு பிடி ஓமத்தையும் கொண்டுபோய் மாணவிகளிடம் கொடுத்துத்தான் தொடங்குவேன்.

இனி புட்டிகளுக்கு வருகிறேன். ஓம வாட்டர் என்று கடைகளில் கேட்கப்படும் பொருளுக்குச் சித்த மருத்துவத்தில் ஓமத் தீநீர் என்று பெயர். தீநீர் என்றால் காய்ச்சி வடித்த நீர். இடித்த ஓமத்தைத் தண்ணீரில் ஊறவைத்து வாலை என்னும் வடிகலத்தில் கொதிக்கவைத்து, எழும் ஆவியைக் குளிர்வித்துப் பிடிக்க வேண்டும். தைமால் 232 டிகிரி செல்சியஸில்தான் தனியாகக் கொதிக்கும் என்றாலும், நீராவியோடு சேர்ந்து 100 டிகிரிக்குள்ளாகவே கிளம்பி வந்துவிடும். வாலையின் நுட்பம் முழுவதும் இந்த ஒரு பண்பில்தான் அடங்கியிருக்கிறது. விதையின் நிறமும் கசப்பும் மாவுப் பொருளும் பாத்திரத்திலேயே தங்கிவிடும். ஆகவே உண்மையான ஓமத் தீநீர் தெளிந்த நீர் போல நிறமற்று இருக்கும், அதில் இனிப்பு இருக்காது, ஆவியாக விட்டால் எதுவும் மிஞ்சாது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு மூன்று புட்டிகளைப் பார்த்தேன். முதலாவது, மேற்சொன்ன கடையிலேயே வாங்கிய 100 மில்லி கண்ணாடிப் புட்டி. இரண்டாவது, மயிலாப்பூரில் ஒரு கடையில் வாங்கிய பிளாஸ்டிக் புட்டி. மூன்றாவது, என் வீட்டருகிலுள்ள பல்பொருள் அங்காடியில் குழந்தைப் பொருட்கள் வரிசையில், சிரிக்கும் குழந்தையின் படத்தோடு வைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி எடுத்துத் தனித்தனி எவர்சில்வர் தட்டில் ஊற்றி, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உலரவிட்டேன். எவரும் வீட்டில் செய்து பார்க்கக்கூடிய, செலவே இல்லாத சோதனை இது.

முதல் புட்டியின் தட்டு துடைத்தது போல வெறுமையாக உலர்ந்தது. மூடியைத் திறந்ததுமே அறை முழுவதும் ஓமம் மணந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது நீரின் மேல் மிக நுண்ணிய எண்ணெய்த் துளிகள் மினுங்கின. நீர் தன்னால் கரைத்துக்கொள்ளக்கூடிய அளவு எண்ணெயைக் கரைத்துக்கொண்டு, அதற்கு மேல் இருப்பதைப் பிரித்து நிறுத்தியிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. நாக்கில் வைத்தால் முதலில் காரம், பிறகு சிறு மரத்துப்போதல், பிறகு வெகுநேரம் நிற்கும் வெம்மை. குறை என்று சொன்னால், மூடி சரியாக இறுகவில்லை. இரண்டு வாரத்தில் அலமாரியே ஓமம் மணக்கத் தொடங்கியது. அப்படி மணப்பது அத்தனையும் புட்டியிலிருந்து குறைந்ததுதான். தயாரித்த நாள் அச்சிடப்பட்டிருந்த இடத்தில் மை அழிந்து படிக்க முடியாமல் இருந்தது. இவ்வளவு நன்றாக வடிப்பவர்கள் இந்த இரண்டையும் கட்டாயம் திருத்திக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது புட்டியும் எச்சமின்றி உலர்ந்தது. எனவே அதுவும் முறையாக வடிக்கப்பட்டதுதான். ஆனால் மணம் மிகவும் மெலிந்திருந்தது. அந்தக் கடையில் புட்டிகளை வெயில் படும்படி முன்பக்கத் தட்டில் அடுக்கியிருந்ததை நான் பார்த்தேன். நறுமணச் சேர்மங்கள் சிலவகைப் பிளாஸ்டிக்கில் ஊறிப்போகும் இயல்புடையவை, வெப்பம் அதை விரைவுபடுத்தும். ஆகையால் அந்தப் புட்டி மெலிந்ததற்கு வடித்தவரைவிட அடைத்த முறையும் அடுக்கிய இடமும்தான் காரணமாக இருக்கும் என்று கருதுகிறேன். அடுக்களை அலமாரியின் இருட்டில் வைக்க வேண்டிய பொருள் இது.

மூன்றாவது புட்டியின் தட்டில் பிசுபிசுப்பான ஒரு படலம் தங்கியது. பின்புறச் சிற்றெழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தபோது சர்க்கரை, கெடாமல் காக்கும் சோடியம் பென்சோயேட், ஓம நறுமணம் என்ற மூன்றும் தெரிந்தன. தடை செய்யப்பட்ட பொருள் எதுவும் அதில் இல்லை, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் சரியாக அச்சிடப்பட்டிருந்தது. இருந்தாலும் முன்புறத்தில் குழந்தையின் படத்தையும் ஓமச் செடியின் படத்தையும் போட்டு, செரிமானம், சளி, இருமல், பசியின்மை, பூச்சித் தொல்லை அனைத்துக்கும் ஏற்றது என்று எழுதிவிட்டு, உள்ளே இனிப்பு நீரை வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 100 மில்லிக்கு முதல் புட்டிக்கு 40 ரூபாய் கொடுத்தேன், இதற்கு 75. அங்காடியின் வாடிக்கையாளர் சேவை மேசையில் எடுத்துச் சொன்னேன். திறந்த புட்டியைத் திரும்பப் பெற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே பணிபுரியும் பெண்ணின் மீது எனக்கு வருத்தமில்லை, அவருக்குக் கொடுக்கப்பட்ட விதி அது.

சரி, நல்ல புட்டியில் எவ்வளவு தைமால் இருக்கும்? அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 1 கிராம் தைமால்தான் கரையும். எனவே உலகத்திலேயே சிறந்த ஓமத் தீநீரிலும் 10 மில்லிக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கரைந்திருக்க இடமில்லை. ஒரு தேக்கரண்டி ஓமத்தை எடுத்துக்கொண்டால் அது சுமார் 2 கிராம். அதில் 3 விழுக்காடு எண்ணெய் என்று வைத்தால் 60 மில்லிகிராம். அதில் பாதி தைமால் என்றால் 30 மில்லிகிராம். அதாவது, 100 கிராம் 45 ரூபாய் என்ற கணக்கில் ஒரு ரூபாய்க்கும் குறைவான விதை, நான்கு ரூபாய் பெறும் 10 மில்லி ஓமத் தீநீரைப் போல மூன்று மடங்கு தைமாலைக் கொடுத்துவிடுகிறது. மெல்லப் பல் இல்லாதவர்களுக்கும், விதையின் கசப்பு பிடிக்காதவர்களுக்கும், பயணத்தில் இருப்பவர்களுக்கும் புட்டி வசதியானது. மற்றவர்கள் விதையையே வாங்கலாம் என்பது இந்த எளிய கணக்கிலிருந்து நான் எடுத்த முடிவு. ஒப்பீட்டுக்காக ஒன்று: லிஸ்டரின் வாய்கொப்பளிப்பு நீரின் மூல வகையில் தைமால் 0.064 விழுக்காடு சேர்க்கப்படுகிறது, லிட்டருக்கு 0.64 கிராம். வேறு நறுமணப் பொருட்களோடு சேர்ந்து அந்த அளவு தைமாலும் வாயிலுள்ள கிருமிகளின் மீது வேலை செய்கிறது என்பதால், கரையக்கூடிய அளவு முழுவதும் தைமால் கரைந்துள்ள நல்ல ஓமத் தீநீரை எளிதாக எண்ணிவிடக் கூடாது.

கிருமிகளை அது எப்படித் தாக்குகிறது என்பதும் தெளிவாக அறியப்பட்டதே. தைமால் ஃபீனால் வகைச் சேர்மம். கொழுப்பை நாடும் தன்மையுடையது. நுண்ணுயிரியின் மேற்சவ்வுக்குள் புகுந்து அதன் ஒழுங்கைக் குலைத்து, உள்ளிருக்கும் அயனிகள் கசியும்படி செய்கிறது. நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் பூஞ்சணம் பிடித்த தாள்களைத் தைமால் ஆவி நிறைந்த பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றினார்கள். தேனீ வளர்ப்பவர்கள் இன்றும் வரோவா என்னும் சிற்றுண்ணியைத் தைமால் கொண்டு ஒடுக்குகிறார்கள். நாக்கில் தோன்றும் அந்த வெம்மைக்கும் விளக்கம் உண்டு. நம் தோலிலும் வாயிலும் இளஞ்சூட்டை உணர்வதற்கென்று உள்ள ஒரு புரத வாயிலைத் தைமாலும் கார்வக்ராலும் சூடே இல்லாமல் திறந்துவிடுகின்றன என்பதை 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த ஓமத் தீநீரும் வயிற்றில் இறங்கும்போது வெதுவெதுப்பாகத் தோன்றுவது மனப்பிரமை அன்று.

வயிற்று உப்புசத்துக்கும் வாயுப் பிடிப்புக்கும் ஓமம் கேட்கும் என்ற வீட்டு அனுபவத்துக்கு ஆய்வகத்தில் ஓரளவு ஆதரவு இருக்கிறது. விலங்குகளின் குடல் தசைகளில் செய்த சோதனைகளில் ஓமச் சாறும் தைமாலும் இறுக்கத்தைத் தளர்த்துவது காணப்பட்டிருக்கிறது. ஆனால் மனிதர்களிடம், பெரிய எண்ணிக்கையில், முறைப்படி நடந்த ஆய்வுகள் ஓமத்துக்கு மிகக் குறைவு. தைமால் மிகுந்த இன்னொரு செடியான தைம் பற்றி ஐரோப்பாவில் அதிகம் ஆராய்ந்திருக்கிறார்கள். ஜெர்மனியில் திடீரென்று தோன்றிய மூச்சுக்குழல் அழற்சியால் இருமிக்கொண்டிருந்த 361 பேரிடம் தைமும் ஐவி என்னும் கொடியின் இலையும் சேர்ந்த பாகைக் கொடுத்துப் பார்த்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். பாகு குடித்தவர்களுக்கு இருமல் 68.7 விழுக்காடும், மருந்தில்லாப் பாகு குடித்தவர்களுக்கு 47.6 விழுக்காடும் குறைந்தது. இந்த எண்களில் நாம் இரண்டு செய்திகளைப் படிக்க வேண்டும். மூலிகைப் பாகு உண்மையாகவே உதவியிருக்கிறது. மருந்து எதுவும் இல்லாமலும் பாதி அளவு இருமல் தானாகவே குறைந்திருக்கிறது. மேலும் அது தைம், ஐவி என்ற இரண்டின் கூட்டுச் சாறு. அதை வைத்து ஓம வாட்டரின் சீட்டில் இருமல் தீரும் என்று அச்சிட எவருக்கும் உரிமை வந்துவிடாது. ஓமத் தண்ணீர் குடித்தால் தொப்பை கரையும் என்று இப்போது காணொளிகளில் சொல்லப்படுவதற்கு நம்பத்தக்க அடிப்படை எதையும் நான் காணவில்லை.

பூச்சித் தொல்லை என்ற சொல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு பழைய உண்மை இருக்கிறது. கொக்கிப்புழுவுக்குத் தைமால் ஒரு காலத்தில் முதன்மையான மருந்தாகவே இருந்தது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ராக்ஃபெல்லர் என்ற செல்வந்தரின் கொடையில் 1909இல் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்புப் பணியில் மக்களுக்கு அதைத்தான் கொடுத்தார்கள். ஆனால் கொடுத்தது கிராம் கணக்கில். கூடவே பேதி உப்பு. எண்ணெயும் மதுவும் அன்றைக்கு உள்ளே போகவே கூடாது என்ற எச்சரிக்கை. கொழுப்போ மதுவோ சேர்ந்தால் தைமால் இரத்தத்தில் மிகுதியாகக் கலந்து நஞ்சாகிவிடும் என்பதே அந்த எச்சரிக்கையின் காரணம். அத்தகைய 2 கிராம் தைமாலைப் பெற நல்ல ஓமத் தீநீர் குறைந்தது இரண்டு லிட்டர் வேண்டும். பிள்ளைகளுக்குப் பூச்சி இருந்தால், தேசிய குடற்புழு நீக்க நாளில் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் இலவசமாகக் கொடுக்கப்படும் அல்பெண்டசோல் மாத்திரையைப் போட்டுக்கொள்வதே சரியான வழி. இரண்டு வயதுக்கு மேல் அது 400 மில்லிகிராம். ஓம வாட்டர் கொடுத்திருக்கிறோம் என்ற நம்பிக்கையில் அந்த மாத்திரையை ஒரு தாய் தவறவிட்டால், அதற்கு அந்தச் சீட்டில் எழுதியவரும் பொறுப்பாளிதான்.

நான்காவதாக, அதே கடையில் 10 கிராம் ஓம உப்பும் வாங்கினேன். இதுதான் தூய தைமால், நிறமற்ற பெரிய படிகங்கள். 1719இல் காஸ்பர் நியூமன் என்ற ஜெர்மானியர் தைம் எண்ணெயிலிருந்து இதை முதலில் பிரித்தார். முதல் உலகப்போருக்கு முன் ஜெர்மானிய ஆலைகள் இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாக ஓமம் வாங்கித்தான் இதைத் தயாரித்தன. ஓம உப்பையும் மென்தால் எனப்படும் புதினா உப்பையும் கற்பூரத்தையும் சேர்த்துக் குலுக்கினால் மூன்று திடப்பொருளும் கண்முன்னே உருகி ஒரே நீர்மமாகும். தனித்தனியே 40 டிகிரிக்கு மேல் உருகும் பொருட்கள், கலந்ததும் உருகுநிலை இறங்கி அறை வெப்பத்திலேயே நீராகிவிடுகின்றன. முழங்கால் வலிக்கு அதைத் தேங்காய் எண்ணெயில் கலந்து தடவினேன், இதமாக இருந்தது. ஆனால் கடைக்காரர் இதைக் கொடுத்தபோது ஒரு பொட்டலத்தில் கட்டிக் கொடுத்தாரே தவிர, வாயில் போடக் கூடாது என்று எழுதவும் இல்லை, சொல்லவும் இல்லை. குரோசாணி ஓமத்துக்குக் காட்டிய கவனத்தில் கால்பங்காவது இதற்கும் காட்டியிருக்க வேண்டும். செறிந்த தைமால் வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும். சளி பிடித்த கைக்குழந்தையின் மூக்கருகே இந்தக் கலவையைத் தடவும் பழக்கமும் சில வீடுகளில் உண்டு. மென்தாலும் கற்பூரமும் பச்சிளங் குழந்தைகளுக்கு மூச்சுத் தடையும் வலிப்பும் வரவழைக்கக்கூடியவை என்பதால் அதை அறவே விட்டுவிட வேண்டும்.

தங்கை மகளுக்கு நான் எந்தப் புட்டியையும் கொண்டுபோகவில்லை. நானும் என் தங்கையும் குழந்தையாக இருந்தபோது எங்கள் பாட்டி சங்கில் ஓமத் தண்ணீர் புகட்டித்தான் வளர்த்தார், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தங்கை வாதாடினாள். பாட்டியின் அன்பில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சங்கு வழியாகவும் கலக்கும் நீர் வழியாகவும் போகக்கூடிய தொற்று, நிறையும் சிறு வயிறு பாலை மறுப்பது ஆகிய இரண்டுமே இதற்குப் போதுமான காரணங்கள். குழந்தை மருத்துவரும் அதையே சொன்னார். மாலை அழுகை அந்த வயதில் பெரும்பாலான குழந்தைகளிடம் இருப்பதுதான், மூன்று நான்கு மாதத்தில் தணிந்துவிடும், பால் குடித்ததும் தோளில் சாய்த்து ஏப்பம் விடவைத்தால் போதும் என்றார். முதல் புட்டியைத் தங்கையே வைத்துக்கொண்டாள். இரவு உணவுக்குப் பிறகு வயிறு உப்பினால் இரண்டு தேக்கரண்டியை அரை தம்ளர் வெந்நீரில் விட்டுக் குடிக்கிறாள், அவளுக்கு ஒத்துக்கொள்கிறது. எனக்கு நெஞ்செரிச்சல் உண்டு என்பதால் வெறும் வயிற்றில் குடித்தபோது எரிச்சல் கூடியது. சாப்பிட்ட பிறகு குடித்தால் அந்தத் தொல்லை இல்லை.

விதையை வீட்டில் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓமத்தைத் திறந்த பாத்திரத்தில் போட்டுக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டால் அடுக்களை முழுவதும் மணக்கும், குடிக்கும் நீரில் கசப்பு மட்டும் மிஞ்சும். வாலையில் பிடித்து வைக்க வேண்டிய தைமாலைக் கூரைக்கு அனுப்பிவிட்டோம் என்பதே அந்த மணத்தின் பொருள். ஒரு தேக்கரண்டி ஓமத்தை அம்மியிலோ சிறு உரலிலோ ஒன்றிரண்டாகத் தட்டி, கொதித்து இறக்கிய நீரில் போட்டு, தட்டால் மூடிப் பத்து நிமிடம் வைத்து வடிகட்டினால் போதும். ஓமப்பொடி பிழிவதற்கும் இந்த நீரைக் கொண்டே மாவு பிசைகிறேன். அச்சின் துளையில் விதை அடைக்காது, மணமும் நிற்கும். தீபாவளி மருந்தில் ஓமத்தை வெல்லப் பாகோடு கொதிக்கவிடாமல், நெய் விட்டு இறக்கும் நேரத்தில் வறுத்த பொடியாகச் சேர்த்ததில் இந்த ஆண்டு லேகியம் முன்னைவிட நன்றாகக் காரமாக அமைந்தது.

அந்த நாட்டு மருந்துக் கடையின் ஓம விதைக்கு ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் கொடுக்கிறேன். அவர்களுடைய ஓமத் தீநீருக்கு நான்கு. மூடியும் தேதியும் சரியாகிவிட்டால் அந்த ஒன்றையும் சேர்த்துவிடுவேன். மயிலாப்பூர்ப் புட்டிக்கு இரண்டரை. அங்காடிப் புட்டிக்கு மதிப்பெண் எதுவும் இல்லை. கடை ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மற்ற நாட்களில் காலை பதினொன்றுக்கு முன் போனால் பெரியவரே இருப்பார், கூட்டமும் இராது, எந்த டப்பாவையும் திறந்து கசக்கிப் பார்க்கக் கொடுப்பார்.